உனக்கு நான் தந்த ஈயம்

நிமலன்,

இதை டேனிஷில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கொம்யூன் கந்தோரில் படிவம் கேட்கவும், வேலைத்தலத்தில் குளிரைப் பற்றி முறையிடவும் என் டேனிஷ் போதும். இதற்குப் போதாது. நீ எட்டாம் வகுப்புவரை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மூக்கால் அழுதுகொண்டு போனவன். உன்னை அங்கே இழுத்துக்கொண்டு போனதற்கு இன்று கூலி கேட்கிறேன் என்று வைத்துக்கொள். மெல்ல வாசி. விளங்காத சொல் வந்தால் அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்காதே. அவளுக்கு எல்லாவற்றையும் முந்தாநாள் சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவள் என் பக்கம் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவதோடு சரி, கதை இல்லை. உன் குரலைக் கேட்டால் அழத் தொடங்குவாள்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ சுட்ட அந்த ஆண்மான் மூன்று மணித்தியாலம் கத்திக்கொண்டு கிடந்ததே, அது உன் கைப்பிழை அல்ல. உன் கையில் பிழை இருந்தால் அது நாலு விரலளவு. மிச்சம் முழுவதும் என் பிழை. அதைத் தெரிந்துகொண்டுதான் இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ என்ன செய்தாய்? ஆவணியில் வைத்த கலியாணத்தைத் தள்ளிவைப்போம் என்று மெத்தேயிடம் சொன்னாய். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தகப்பன் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் என்று கேட்ட உன் அம்மாவிடம், எங்களுடைய இரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது, அதை இன்னொரு குடும்பத்துக்குள் கொண்டுபோக விருப்பமில்லை என்றாய். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். கேட்டுவிட்டு, "சும்மா விசர்க்கதை கதையாதை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தை வைத்துக்கொண்டு பழியை உன் தலையில் விட்டுவிட்டுப் போன ஆள் நான்தான்.

பனி உருகத் தொடங்கிய மாதத்தில் நீ இரண்டு வாளியோடு ஸ்கீவவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். மெத்தேயின் அப்பா ஹென்னிங், தன் தகப்பனின் பழைய துவக்கை உனக்குத் தந்திருந்தார். மகளைக் கட்டப்போகிறவனுக்கு அந்த மனிதர் தரக்கூடிய அதிகபட்ச மரியாதை அதுதான் என்று எனக்கும் விளங்கியது. வேட்டைச் சோதனை பாஸ் பண்ணி, பொலிசிடம் அனுமதிக் கடிதம் எடுத்து, ஹென்னிங்கைப் போலவே சன்னத்தை வீட்டில் நீயே வார்க்கப்போகிறாய் என்று வந்து நின்றாய். ஒரு வாளியில் ஏதோ பழைய தேவாலயத்தின் கூரையிலிருந்து உரித்த ஈயத்தகடு. மற்ற வாளியில் காரின் சில்லு ஆடாமல் இருக்க விளிம்பில் அடிக்கிற சின்ன ஈயத்துண்டுகள். வழக்கம்போல அப்பாவை டேனிஷில் கூப்பிட்டு, "ஃபார், இதிலை எது பெஸ்ட்?" என்று கேட்டாய். பதினேழு வருடமாகப் பழைய உலோகம் பிரிக்கிற களத்தில் ஈய மேசையில் நிற்கிறவனிடம் கேட்கிறாய். அந்தக் களத்தில் என்னிடம் வந்து கேட்காமல் ஒருவரும் ஈயத்தில் கை வைக்கமாட்டார்கள். கூரைத்தகடு மெத்தான ஈயம், மெத்தீயம். நகத்தால் கீறினால் கோடு விழும். சீமெந்துத் தரையில் போட்டால் தொப்பென்று விழும். சில்லுத்துண்டு அப்படியல்ல, அதற்குள் அந்திமனி என்ற உலோகம் கலந்து கடினமாக இருக்கும். நகம்தான் உடையும். போட்டால் ணங் என்று கேட்கும். இதெல்லாம் எனக்குக் கைப்பாடம்.

நீ அன்றைக்கு நல்ல உசாரில் இருந்தாய். சோதனைக்குப் படித்ததை எனக்கு வகுப்பெடுத்தாய். மிருகத்தைச் சுடுகிற சன்னம் பட்டவுடன் உள்ளே விரியவேண்டும், அதுதான் இந்த நாட்டுச் சட்டம் என்றாய். விரிந்தால் மிருகம் நின்ற இடத்திலேயே விழும், விரியாமல் துளைத்துக்கொண்டு போனால் ஓடி ஓடிச் சாகும், ஆகவே மெத்தீயம்தான் கருணை என்றாய். பிறகு சிரித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாய். போரிலே இது மறுபக்கமாம். மனிதரைச் சுடும்போது விரிகிற சன்னம் பாவிக்கக் கூடாதென்று உலக நாடுகளெல்லாம் கூடி எழுதி வைத்திருக்கின்றனவாம். "விசர் என்ன, ஃபார்?" என்றாய். நான் சிரிக்கவில்லை. அதை நீ கவனித்திருக்கமாட்டாய். "வாளியளை வைச்சிட்டுப் போ. நான் உருக்கிக் கசடெடுத்துக் கட்டியாத் தாறன்" என்றேன். நீ என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கராஜின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பை மூட்டினேன். கூரைத்தகட்டை வெட்டிச் சட்டிக்குள் போடவேண்டியதுதான் வேலை. என் கை அதைத் தொடவில்லை. பொய் சொல்லவில்லை மகனே, கை போகவே இல்லை. அரை மணித்தியாலம் நின்றேன். கடைசியில் மற்ற வாளியைத் தூக்கிச் சில்லுத்துண்டுகளைக் கொட்டினேன். உருக்கினேன், கசடெடுத்தேன், எட்டுக் கட்டிகள் வார்த்தேன். நீ வந்தபோது, "கூரை ஈயம், நல்ல மெத்து" என்று சொல்லி ஏழு கட்டிகளைக் கையில் தந்தேன். நீ நகத்தால் ஒருமுறை கீறிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா சொன்னால் சரிதானே. அதில் சன்னம் வார்த்து, கிளப்பில் கடதாசிக் குறிக்குச் சுட்டுப் பார்த்தாய், நன்றாகப் போகிறது என்று சந்தோசப்பட்டாய். கடதாசியில் மெத்தீயமும் கடின ஈயமும் ஒரே ஓட்டைதான். அந்த நேரம் என் மனதுக்குள் ஓடியதைச் சொன்னால் நீ என்னை முழுவிசரன் என்பாய். சின்ன ஓட்டையாகப் போகட்டும், சின்ன ஓட்டைக்குச் சின்னப் பாவம் என்று நினைத்தேன். மானைப் பற்றியோ, சட்டத்தைப் பற்றியோ, உன்னைப் பற்றியோ நினைக்கவில்லை. என்னைப் பற்றித்தான் நினைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு கடதாசி.

எனக்கு அப்போது இருபது வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு சந்தியில் எங்கள் மாமாவுக்குப் பற்றரிக் கடை இருந்தது. சார்ஜ் பண்ணுவது, செத்த பற்றரியைப் பிளந்து ஈயத்தை உருக்கித் திரும்ப வார்ப்பது எல்லாம் என் வேலை. மாமா கொழும்புக்குப் போய்விட, கடை என் பொறுப்பில் கிடந்தது. அந்தக் காலத்தில் இயக்கங்கள் பல. ஆமிக்கு எதிராகத் துவக்குத் தூக்கினவர்கள் ஒருவரை ஒருவர் சுடத் தொடங்கியிருந்த நேரம். அதில் ஒரு இயக்கத்துப் பொடியன்கள் மூன்று பேர் ஒரு நாள் கடைக்கு வந்தார்கள். வெளியிலிருந்து சாமான் வரவில்லை, பழைய துவக்குகளுக்குச் சன்னம் வார்க்கவேண்டும் என்றார்கள். மேசையில் என்னிடம் இரண்டு வகை கிடந்தது. ஒன்று பற்றரித் தட்டு ஈயம், கடினம். மற்றது கடற்கரையில் வாங்கிய வலைக்குண்டு, மெத்து. பொறுப்பாக வந்தவன் கேட்டான், "அண்ணை, உதிலை எது நல்லம்?" அவன் என்னைவிட வயதில் மூத்தவன். என்னை அண்ணை என்று கூப்பிட்டதில் எனக்கு நெஞ்சு ஒரு சாண் விரிந்துவிட்டது.

அவன் துவக்கை நீட்டவில்லை. வெருட்டவில்லை. கடின ஈயம்தான் நல்லம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கு என் கெட்டித்தனத்தைக் காட்டவேண்டியிருந்தது. "மெத்தீயம்தான் நல்லம். பட்டால் உள்ளை போய் விரியும். பிறகு ஆள் எழும்பமாட்டான்" என்றேன். என் வாயால் சொன்னேன், நிமலன். ஒருவரும் கேட்காத விளக்கம் அது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு நாள் நின்று வார்த்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் அராவி, விளிம்பெடுத்து, பளபளக்கத் துடைத்துக் கொடுத்தேன். ஆமிக்குத்தான் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரில் அப்போது யார் யாரைச் சுடுகிறார்கள் என்று என் கண்ணுக்குத் தெரியாமலா இருந்தது?

ஒரு கிழமை போகவில்லை. ஒரு நாள் காலை ஒன்பது மணியிருக்கும், சந்தியில் இரண்டு இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியது. நான் கடைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே குந்தியிருந்தேன். பின்பக்கத்து வேலியைப் பிரித்துக்கொண்டு ஒருவன் தவழ்ந்து வந்தான். யோகன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன், அப்போது மற்ற இயக்கத்தில் இருந்தான். தெரிந்த இடம், தெரிந்த ஆள் என்று என்னிடம் வந்திருக்கிறான். தொடையில் முன்பக்கம் விரல் நுனியளவு ஒரு துளை. அவ்வளவுதானா என்று ஆறுதல்பட்டுக்கொண்டு காலைத் திருப்பினேன். பின்பக்கத்தில் தொடை என்று ஒன்று இல்லை. சதை கிழிந்து தொங்கியது, எலும்பு விறகுச் சிராய் போல உடைந்து வெளியே நின்றது. என் இரண்டு கையையும் வைத்து அமத்தினேன், கை உள்ளே போய்விட்டது. சைக்கிள் ரியூப்பை வெட்டித் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். கட்டும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். நசுங்கி விரிந்த ஈயத்துண்டு. நகம் பட்ட இடத்தில் கோடு விழுந்தது.

யோகன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "மச்சான், காலிலைதானே பட்டது. ஏன்ரா இப்பிடி நோகுது? என்ன சன்னமடா இது?" என்று கேட்டான். நான் அந்தத் துண்டை இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் செருகினேன். "ஒண்டுமில்லை, சின்னக் காயம்" என்றேன். வெளியே ஒழுங்கையால் சூடு பறந்துகொண்டிருந்தது, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. அவன் கத்தினான். பிறகு என் கையைக் கடித்துக்கொண்டு கத்தாமல் இருந்தான். பற்றரி அசிட் ஊறிக் கறுத்த அந்தத் தரையெல்லாம் இரத்தம், கால் வைத்தால் வழுக்கியது. கடைசியில், "அம்மாட்டைச் சொல்லாதை. நான் திருகோணமலைக்குப் போட்டன் எண்டு சொல்லு" என்றான். மத்தியானத்துக்கு முன் போய்விட்டான். காலில் பட்டதற்கு எவனும் சாகவேண்டியதில்லை. கடின ஈயமாக இருந்திருந்தால் அவன் நொண்டிக்கொண்டு இன்றைக்கும் எங்காவது ஒரு நாட்டில் பிள்ளைகுட்டியோடு இருந்திருப்பான்.

சண்டை ஓய்ந்ததும் அவனுடைய தாய் வந்தாள். அதற்குள் நானும் பக்கத்துக் கடைக்காரரும் உடம்பைக் கழுவி, இடுப்புக்குக் கீழே வெள்ளைத்துணி சுற்றிவிட்டோம். அவள் அழவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தம்பி, உள்ளதைச் சொல்லு. என்ரை பிள்ளை உத்தரிச்சவனோ?" என்று கேட்டாள். இரண்டு மணித்தியாலம் அவன் பட்ட பாடு என் கையில் பல்லுத்தடமாக இருந்தது. "இல்லை அம்மா. பட்ட உடனை முடிஞ்சுது" என்றேன். "அது காணும் எனக்கு" என்றாள். பிறகு என் தலையைத் தொட்டு, "என்ரை பிள்ளையோடை கடைசியா நிண்டனி. நீ நல்லாயிருப்பாய்" என்றாள். அந்த ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டுதான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன், உன் அம்மாவைக் கட்டினேன், உன்னைப் பெற்றேன். ஒரு நாளாவது எனக்கு அது ஒட்டவில்லை.

உனக்கு ஒன்பது வயதில் நடந்ததையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். உன் வகுப்புப் பொடியன் ஒருவனின் பிறந்தநாளுக்கு உன்னைக் கூட்டிப்போக வந்தேன். நீ புல்லுக்குள் குப்புறப் படுத்து, தண்ணித் துவக்கால் மற்றப் பிள்ளையின் காலுக்குக் குறிவைத்துக்கொண்டிருந்தாய். நான் அதைப் பறித்துக் கல்லில் அடித்து உடைத்தேன். பிறகு உன் கன்னத்தில் அடித்தேன். ஒருதரம் அல்ல. கேக் வெட்டிக்கொண்டிருந்த டேனிஷ் தாய்மார் கத்தியோடு அப்படியே நின்றார்கள். அடுத்த கிழமை கொம்யூனிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்து கோப்பி குடித்துக்கொண்டு, இந்த நாட்டில் பிள்ளைகளை அடிப்பதில்லை என்று ஒரு மணித்தியாலம் எனக்கு வகுப்பெடுத்தாள். நான் "யா, யா" என்று தலையாட்டினேன். ஏன் அடித்தேன் என்று அவளிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ துவக்கைத் தொட்டிருக்கமாட்டாய், அல்லது தெரிந்துகொண்டு தொட்டிருப்பாய். பிள்ளைக்குக் காரணம் சொல்லாமல் அடித்த அடி எப்படியும் திரும்பி வரும் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. உனக்குப் பிள்ளை பிறந்தால் முதலில் காரணத்தைச் சொல்லு, பிறகு அடிக்கத் தேவையே வராது.

அந்த மே மாதத்துச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆண்மான் வேட்டை திறக்கிற விடியல். நீயும் ஹென்னிங்கும் இருட்டு விலகமுன் போய்விட்டீர்கள். இங்கே எங்கள் வீட்டில் ரீவி மூன்று நாளாக நிற்கவில்லை. அம்மாவின் தமையன் குடும்பம் முல்லைத்தீவுக் கரையில் கடைசித் துண்டு நிலத்துக்குள் இருந்தது. பத்து நாளாக ரெலிபோன் இல்லை. திரையில் எரிகிற கூடாரம், கையில்லாத பிள்ளை, வரிசையாகக் கிடத்திய உடல்கள். அம்மா தரையில் இருந்தபடி ஒவ்வொரு படத்திலும் தன் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடியப்போகிறது என்று கொப்பன்ஹேகனிலிருந்தும் எஸ்பியர்க்கிலிருந்தும் ஆட்கள் போன் எடுத்து அழுதுகொண்டிருந்தார்கள். அப்போதுதான் நீ கதவைத் திறந்துகொண்டு வந்தாய். முழங்கைவரை இரத்தம், காற்சட்டையெல்லாம் இரத்தம். அம்மா உன்னைக் கண்டு போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. அவளுக்கு அந்தக் கணத்தில் நீ ரீவிக்குள்ளிருந்து வந்தவன்.

நீ நின்ற நிலையிலேயே டேனிஷிலும் தமிழிலுமாகச் சொன்னாய். எண்பது மீற்றரில் மான் நின்றது, மூச்சைப் பிடித்துச் சுட்டாய், பட்டது. விழவில்லை. துள்ளிவிட்டு மஞ்சள் பூத்த ரேப்ஸ் கடுகு வயலுக்குள் ஓடியது. பிறகு கத்தத் தொடங்கியது. வயலுக்குள் எங்கே என்று தெரியவில்லை, ஒரு இடத்தில் கத்தும், போனால் இன்னொரு இடத்தில் கத்தும். ஹென்னிங் போன் எடுத்து, காயப்பட்ட மிருகத்தைத் தேடுகிற நாயோடு ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். மூன்று மணித்தியாலம். நாய் கண்டுபிடித்தபோது மான் முன்னங்காலால் இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தது, வயிற்றுக்குள் இருந்தது பின்னால் இழுபட்டது. உன் கண்ணைப் பார்த்தது என்றாய். ஹென்னிங்தான் முடித்து வைத்தார். முதல் மான் விழுத்தியவனின் தொப்பியில் செருகவென்று அவர் விடியவே ஒரு மரக்கொப்பு வெட்டி வைத்திருந்தாராம். அதைச் செருகவில்லை, தன் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டார். "நிச்சயமில்லாதவன் விசையில் விரல் வைக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாராம். நாய்க்காரி காயத்தை விரித்துப் பார்த்து, புகுந்த ஓட்டையும் வெளியேறிய ஓட்டையும் ஒரே அளவாக இருக்கிறதே என்று வியப்பாகச் சொன்னாள் என்றும் சொன்னாய். உனக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கவேண்டும். நீ ரீவியைப் பார்த்தாய், உன் கையைப் பார்த்தாய். "எங்களுக்குள்ளை இருக்கு, ஃபார். எங்கடை இரத்தத்திலை இருக்கு" என்றாய். நான் உன் கையைக் கழுவிவிட்டேன். நகக்கண்ணுக்குள் இருந்த இரத்தத்தைப் பழைய பல்லுத்தூரிகையால் தேய்த்துவிட்டேன். "நடக்கிறதுதான்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தேன். மனிதனுக்கு விரிகிற ஈயத்தைக் கொடுத்தவன், மானுக்கு விரியாததைக் கொடுத்தேன். இரண்டு தரமும் "எது நல்லது" என்று என்னை நம்பிக் கேட்டார்கள். இரண்டு தரமும் பிழையானதைத்தான் எடுத்து நீட்டியிருக்கிறேன். பிறகு இரண்டு தரமும் பொய் சொன்னேன்.

முந்தாநாள் அம்மாவிடம் சொன்னேன். கலியாண மண்டபத்துக்கு வேண்டாமென்று சொல்லவா என்று அவள் கேட்டபோது வாயிலிருந்து வந்துவிட்டது. யோகன், அவன் தாய், உன் வாளிகள், எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? நானோ சுமக்கிறன்? அவனெல்லோ சுமக்கிறான். போய் அவனுக்குச் சொல்லுங்கோ" என்றாள். எனக்கு உடனே உன்னிடம் வரப் பயம். ஆகவே சுலபமானதை முதலில் செய்வோம் என்று நேற்று ஹென்னிங்கிடம் போனேன். அது சுலபம் என்று எப்படி நினைத்தேனோ தெரியாது.

மெத்தே வேலைக்குப் போயிருந்தாள். ஹென்னிங் குசினி மேசையில் கோப்பி ஊற்றினார். நான் கராஜில் மிஞ்சிக் கிடந்த ஒரு கட்டியை எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். அவர் நகத்தால் கீறினார், எடுத்து நிலத்தில் போட்டார், சத்தத்தைக் கேட்டார். முகம் சிவந்துவிட்டது. "இதையா அவனுக்குக் கொடுத்தாய்? தெரிந்துகொண்டா?" என்று கேட்டார். "யா" என்றேன். ஏன் என்றார். என் உடைந்த டேனிஷில் யோகனைப் பற்றிச் சொன்னேன். தொடை என்பதற்கு டேனிஷ் சொல் வரவில்லை, என் தொடையைத் தட்டிக் காட்டினேன். அவர் எழும்பினார், கோப்பிக் கோப்பையைக் கழுவும் தொட்டிக்குள் எறிந்தார், அது நாலாகச் சிதறியது. பிறகு என் சட்டைக் கொலரைப் பிடித்துத் தூக்கினார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல், ஆனாலும் என் குதிக்கால் நிலத்தில் இல்லை. "மூன்று மணித்தியாலம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கேட்டுக்கொண்டே உன் மகனை வெறுத்தேன். என்னை அப்படிச் செய்ய விட்டாயே" என்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். விட்டுவிட்டார். "நிமலனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் இங்கே ஏன் வந்தாய்? வெளியே போ. அவனுக்குச் சொன்ன பிறகு வா" என்று கதவைத் திறந்துவிட்டார். நல்ல மனிதரிடம் பெண் எடுக்கிறாய் என்று எனக்கு அந்தக் கதவடியில் நின்றுதான் தெளிவாக விளங்கியது.

கலியாணத்துக்கு முன் தகப்பன் புத்தி சொல்வது வழக்கம். என்னிடம் இருக்கிற புத்தி ஒன்றுதான். உன் மனைவி உன்னிடம் ஏதாவது கேட்டால், அவளுக்கு நோகுமே என்று பொய் சொல்லாதே. நோகட்டும். யாருக்காகப் பொய் சொல்கிறோம் என்று நாம் நினைக்கிறோமோ அவர்களுக்காக நாம் அதைச் சொல்வதில்லை. யோகனின் தாய் ஆறுதல் அடையட்டும் என்றா பொய் சொன்னேன்? அந்தத் துண்டு என் சாரத்துக்குள் இருந்தது, அதற்காகச் சொன்னேன். உன் இரத்தத்தில் ஒன்றும் இல்லை, மகனே. உனக்கு அந்த மானின் கண் நித்திரையைக் கெடுக்கிறது. எனக்கு யோகனின் கண் கெடுத்திருந்தால் நான் அன்றே அவன் தாயிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன். நானோ நன்றாகச் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், இருபது வருடத்துக்கு மேல்.

அந்தத் தாயைப் பற்றியும் விசாரித்தேன். ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனவள், அங்கிருந்து சனத்தோடு சனமாகக் கடற்கரைப் பக்கம் போயிருக்கிறாள். எஸ்பியர்க்கில் அவளுடைய ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முகாம்களில் இருந்து வருகிற பட்டியல் எதிலும் அவள் பெயர் இல்லை என்றார். உன் மாமா பெயரும் இல்லை. போர் முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு முடிந்தது என்னவென்றால், அவளிடம் போய் உண்மையைச் சொல்ல இருந்த வழி முடிந்துவிட்டது. எத்தனை வருடம் இருந்தது எனக்கு! ஒரு கடிதம், ஒரு ரெலிபோன். நாளைக்கு, நாளைக்கு என்றிருந்தேன்.

உன்னிடம் வர வழி இருக்கிறது. ஸ்கீவவிலிருந்து நீ இருக்கிற ஓகூஸுக்கு ஒன்றரை மணித்தியாலம். இதைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டுவந்து உன் கதவின் தபால் துவாரத்தால் போட்டிருக்கிறேன். நீ இந்த வரியை வாசிக்கும்போது நான் கீழே காருக்குள் இருக்கிறேன். யன்னலால் பார்த்தால் தெரியும். இறங்கி வந்து அடிக்கவேண்டுமென்றால் வந்து அடி, நான் கையைத் தூக்கித் தடுக்கமாட்டேன். அடித்து முடிந்ததும் காரில் ஏறு. மெத்தேயிடம் போவோம். அவளிடம் நீ ஒன்றும் சொல்லவேண்டாம், நான் சொல்கிறேன்.

அப்பா